இட்டலி வந்த வழி

பிறந்த மண்ணை விட்டுப் பிற மண்ணிற் குடியேறியவர்க்கு மொழியும் உணவுமே ஊராகி விடுகின்றன. பெங்களூரில் வாழும் தமிழராகிய நமக்கும் இது முற்றும் பொருந்தும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இந்நகரில் படைவீட்டை நிறுவியபோது, சென்னை மாகாணத்துப் படையினரோடும் அவர்தம் ஏவலரோடும் வணிகரோடும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்து சேர்ந்தன. அன்று முதல் அல்சூர் ஏரிக்கரையிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் ஆட்டுரல் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆட்டுரல் போய் மின்பொறி வந்த பின்னரும் மாவு அரைக்கும் வழக்கம் நம் இல்லங்களை விட்டு நீங்கவில்லை.

நம்மிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. இட்டலி யாருடையது என்பதே அவ்வழக்கு. 'தமிழனுக்கே உரியது' என்று நாம் மார்தட்டுகின்றோம். 'எங்கள் உடுப்பியே அதன் தாயகம்' என்று அடுத்த வீட்டுக் கன்னட அன்பர் புன்னகை செய்கின்றார். விளையாட்டாகத் தொடங்கும் இவ்வழக்கு சில வேளைகளில் மனக்கசப்பில் முடிவதையும் கண்டிருக்கின்றோம். வரலாறு இதுபற்றி யாது கூறுகின்றது என்பதை விருப்பு வெறுப்பின்றி ஆராய்வது இவ்வாண்டு மலருக்குப் பொருத்தமாகும் எனக் கருதினோம். ஆராயப் புகுந்தபோது, வழக்கு இருவரிடையே மட்டும் நடைபெறவில்லை என்பதும், கடலுக்கு அப்பால் மூன்றாமவர் ஒருவரும் நிற்கின்றார் என்பதும் தெரிய வந்தன.

ஏட்டுச் சான்றுகள்

முதலில் நமக்கு உவப்பில்லாத உண்மையைக் கூறிவிடுவோம். இட்டலியின் பெயர் முதன்முதற் காணப்படுவது தமிழ் நூலில் அன்று, கன்னட நூலில். கி. பி. 920ஐ ஒட்டிச் சிவகோட்டியாசாரியர் இயற்றிய 'வட்டாராதனே' என்னும் சமண உரைநடை நூல், விருந்தினர்க்குப் படைக்கப்பட்ட உணவு வகைகளுள் 'இட்டலிகெ' என்பதனையும் ஒன்றாகக் கூறுகின்றது. அதன்பின் 1025ஆம் ஆண்டளவில் இரண்டாம் சாவுண்டராயர் என்பார் கன்னடத்தில் எழுதிய 'லோகோபகாரம்', உளுந்தை மோரில் ஊறவைத்து நன்கு அரைத்து, தயிரின் தெளிநீரும் சீரகமும் கொத்துமல்லியும் மிளகும் பெருங்காயமும் சேர்த்து உணவாக்கும் முறையை விளக்குகின்றது. மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் 1130ஐ ஒட்டி வடமொழியில் ஆக்கிய 'மானசோல்லாசம்' என்னும் பெருநூலில் 'இட்டரிகா' என்ற பெயர் வருகின்றது. நம் தமிழிலே 'இட்டலி' என்னும் சொல் மச்சபுராணத்தில் காணப்படுகின்றது என்பர். அது மேற்கூறியவற்றிற்குப் பல நூற்றாண்டு பிற்பட்டது.

ஆயின், இச்சான்றுகளை ஊன்றி நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். அப்பழைய 'இட்டலிகெ' உளுந்தினால் ஆயது. அரிசியையும் உளுந்தையும் சேர்த்தரைத்தல், இரவு முழுதும் புளிக்க வைத்தல், ஆவியில் வேகவைத்தல் ஆகிய மூன்றும் இன்றைய இட்டலிக்கு உயிர்நாடி. இம்மூன்றும் அந்நூல்களிற் காணப்படவில்லை. பெயர் பழையதாயினும் பொருள் பின்னர் மாறியது என்றே கொள்ள வேண்டும். அம்மாற்றம் எங்கிருந்து வந்தது?

அறிஞர் அசய்யாவின் கருத்து

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியவர் கே. டி. அசய்யா என்னும் அறிஞர். அவர் 1923இல் கொள்ளேகாலத்தில் பிறந்தவர். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மைசூரைச் சேர்ந்த ஊர் அது. அசய்யா உணவு வேதியியலில் வல்லுநர். மைசூரில் 1950இல் நிறுவப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் பணியாற்றியவர். இந்திய உணவின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1994இல் வெளிவந்தது. 2002இல் அவர் மறைந்தார்.

ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்நாட்டாரிடம் ஆவியில் வேகவைக்கும் கலம் இல்லை என்று குறித்திருப்பதை அசய்யா சுட்டினார். இந்தோனேசியத் தீவுகளிலோ புளிக்க வைத்தலும் ஆவியில் அவித்தலும் பழமையான கலைகள். அத்தீவுகளை ஆண்ட இந்து மன்னர்கள் கி. பி. 800க்கும் 1200க்கும் இடையில் இந்நாட்டிற்கு வந்துபோயினர். அவர்களோடு வந்த சமையலர் இக்கலைகளைக் கொணர்ந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். இதனை மெய்ப்பிக்கும் கல்வெட்டோ ஏடோ இல்லை. ஆதலின் ஊகம் என்றே இதனை நாம் கொள்ளல் வேண்டும். எனினும், ஊகத்திற்கு இடந்தரும் கடல்வழி உண்மையில் இருந்தது என்பதற்குச் சான்றுகள் மிகப்பல.

கடல்வழி

சாவுண்டராயர் உளுந்துப் பக்குவத்தை எழுதிய அதே 1025ஆம் ஆண்டில்தான் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின்மீது சென்றது. அதற்கு இருபது ஆண்டுகட்கு முன்னரே, ஸ்ரீவிசய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியிருந்தான். போருக்கு முன்னும் பின்னும் வணிகம் இடையறாது நடந்தது. தாய்லாந்தின் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அது மணிக்கிராமத்தார் காவலில் விடப்பட்ட குளத்தைக் கூறுகின்றது. சுமத்திராவின் மேலைக்கரையில், கருப்பூரத்திற்குப் புகழ்பெற்ற பாருசை அடுத்த லோபு துவாவில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. அதனைப் பொறித்தோர் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்னும் வணிகக் குழுவினர்.

இந்த ஐந்நூற்றுவர் யார்? கன்னட நாட்டு ஐஹொளெயைத் தாயகமாகக் கொண்டு எழுந்த வணிகக் குழுவினர் அவர். கன்னட மண்ணிலே தோன்றிய குழு, தமிழ் எழுத்திலே, சுமத்திராவிலே தன் கட்டளையைப் பொறித்தது! இட்டலிக்காக இன்று வழக்காடும் மூன்று நாட்டாரும் அன்று ஒரே கல்லில் கூடியிருந்தனர் என்பதை நினைக்க வியப்பும் நாணமும் ஒருங்கே எழுகின்றன.

அக்கரை உணவு

கடலுக்கு அப்பாலுள்ள நாடுகளின் உணவை நோக்கின், உறவு மேலும் விளங்கும். பிலிப்பைன் தீவினர் அரிசியை ஊறவைத்து அரைத்து, புளிக்க வைத்து, ஆவியில் அவிக்கும் உணவைப் 'புட்டோ' என்கின்றனர். வியத்நாமியரும் துளைகள் நிறைந்த ஆவிப் பணியாரம் செய்வர். சாவகத்தார் சோயா மொச்சையை வேகவைத்து, வாழையிலையிற் பொதிந்து, பூஞ்சணத்தால் இறுகச் செய்து 'டெம்பே' ஆக்குகின்றனர். வெந்த அரிசியைப் புளிக்க வைத்துத் 'தாப்பை' செய்கின்றனர். அதற்கு இடும் உறைப்பொருளை மலாய் மொழியில் 'ராகி' என்பது கேட்பதற்குச் சுவையானது. நம் கேழ்வரகுக்கும் அதற்கும் ஒலியன்றி வேறு ஒப்புமை இல்லை.

மலாயர் உணவில் 'உலாம்' எனப்படும் பச்சிலைகளுக்கு உயர்ந்த இடம் உண்டு. சோற்றோடு பச்சையாக உண்ணப்படும் அவ்விலைகளுள் 'பெகாகா' என்பது நாம் துவையல் அரைக்கும் வல்லாரையே. கன்னடர் அதனை 'ஒந்தெலக' என்று கூறித் தம்புளி செய்து உண்பர். ஒரே கீரை, மூன்று பெயர். மூன்று நாட்டாரும் அதன் நலத்தை அறிந்திருந்தனர். எண்ணெயிற் பொரிப்பதிலும் ஆவியில் அவிப்பதையும், கொழுப்பைப் பெருக்குவதிலும் புளிப்பையும் கீரையையும் விரும்புவதையும் அந்நாடுகளின் பழைய உணவு நெறி எனலாம். இலையிற் பொதிதலும் அந்நெறியைச் சேர்ந்தது. மலாயர் தென்னங்குருத்தைப் பின்னி அதனுள் அரிசியிட்டுக் 'கெட்டுப்பாட்' அவிக்கின்றனர். கன்னடக் கடற்கரையில் பலாவிலைத் தொன்னையிலும் தாழை மடலிலும் கடுபு அவிக்கின்றனர். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் இட்டலி வேகின்றது. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ந்த அக்கோயில் இட்டலி, அமெரிக்காவிலிருந்து மிளகாய் இங்கு வந்து சேர்வதற்கு முற்பட்ட சுவையை இன்றும் நமக்குக் காட்டி நிற்கின்றது.

கொடுத்ததும் உண்டு. நம் இடியப்பம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'புட்டு மாயம்' என்ற பெயருடன் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்து விற்கப்படுகின்றது. நம் அப்பம் அங்கே 'அப்போம்' ஆயிற்று. முருங்கையை அவர் 'மெருங்கை' என்றே அழைப்பர். கடல் ஒருவழிப் பாதை அன்று.

நம் பங்கு யாது?

அங்ஙனமாயின், இட்டலியில் தமிழர்க்குப் பங்கில்லையோ எனின், உண்டு என்பதே நம் துணிபு. தானியத்தைப் புளிக்க வைப்பது நமக்குப் புதிதன்று. சங்க நூல்கள் கூறும் 'தோப்பி' என்பது இல்லத்தில் நெல்லரிசி கொண்டு ஆக்கிய கள். அப்பமும் அடையும் மோதகமும் விற்றோரை மதுரைக்காஞ்சி நம் கண்முன் நிறுத்துகின்றது. ஆவியில் அவிப்பதற்குத் தனிக்கலம் வேண்டுவதும் இல்லை. பானையின் வாயில் துணியைக் கட்டினால் போதும் என்பதை அசய்யாவும் ஒப்புக்கொண்டார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. டெம்பேக்கும் தாப்பைக்கும் வெளியிலிருந்து உறைப்பொருள் இட வேண்டும். இட்டலி மாவிற்கு அது வேண்டா. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களே அதனைப் பொங்கச் செய்கின்றன. மாவை உப்பச் செய்வதில் 'லியூகோனோஸ்டாக்' என்னும் நுண்ணுயிர் தலைமை தாங்குகின்றது என்பது 1960களில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. எழும் காற்றை வெளிவிடாது பிடித்துவைப்பது உளுந்தின் வழுவழுப்பே என்பதை மைசூர் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் விளக்கினர். உளுந்தின் இக்குணத்தை அறிந்து பயன்கொண்டது தென்னிந்தியரின் திறமை. பெயரைக் காத்தது கன்னடம். அவிக்கும் முறைக்கு அக்கரை துணை நின்றிருக்கலாம். அரிசியையும் உளுந்தையும் அளவறிந்து இணைத்தவை பெயர் தெரியாத அடுக்களைகள். அவற்றுள் நம் பாட்டிமார் அடுக்களைகளும் அடங்கும்.

ஈண்டு நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு. இட்டலி நம் முன்னோரின் அன்றாட உணவாக இருந்ததா? சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளினின்று பெங்களூருக்கு வந்த நம்மவருட் பெரும்பாலார்க்கு அரிசியே அரிய பொருள். இட்டலி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரிய விருந்து. ஏனைய நாட்களில் அவர்களைக் காத்தது கேழ்வரகுக் களியும் கூழும். அதே களியைக் கன்னட உழவர் 'முத்தெ' என்று உருட்டி உண்டனர். இருவரையும் முதன்முதலில் ஒன்றாக்கிய உணவு இட்டலி அன்று, கேழ்வரகே ஆகும். அதுவும் பழங்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களினின்று வந்த குடியேறிதான்! பின்னாளில் மண்டியாவில் சி. எச். லட்சுமணய்யா என்னும் அறிஞர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து 'இண்டாஃப்' என்னும் வகைகளை உண்டாக்கி விளைச்சலைப் பெருக்கினார். பிரிந்த உறவினர் மீண்டும் சேர்ந்தமை போன்றது அது.

நலத்தின் காரணம்

இட்டலி உடலுக்கு நல்லது என்று யாவரும் கூறுவர். காரணம் அறிந்தோர் சிலரே. அரிசியின் புரதத்தில் 'லைசின்' என்னும் கூறு குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் குறைந்த 'மெத்தியோனின்' அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கின்றது. புளித்தலால் இரும்பு, துத்தநாகம் முதலியவற்றை உடல் ஏற்கவொட்டாது தடுக்கும் பொருள் குறைகின்றது, பி வகை உயிர்ச்சத்துக்கள் சில பெருகுகின்றன, செரிமானம் எளிதாகின்றது. ஆவியில் வேவதால் எண்ணெய் சேர்வதில்லை. நோயுற்றவர்க்கும் குழந்தைகளுக்கும் இட்டலியைக் கொடுத்தல் ஆராய்ச்சிக்கு முந்திய அனுபவ அறிவு.

ஆயினும் எல்லை உண்டு. தவிடு நீங்கிய வெள்ளரிசியால் ஆன இட்டலியை எண்ணிக்கையின்றி உண்பது, உடலுழைப்புக் குறைந்த இக்காலத்தில் நீரிழிவு உடையார்க்கு ஏற்றதன்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. வெள்ளரிசியில் அதன் ஒரு சிறு பகுதியே காணப்படும். அரிசியில் ஒரு பங்கைக் குறைத்துக் கேழ்வரகைச் சேர்த்து அரைப்பது, இரு மரபுகளையும் ஒரு தட்டில் வைப்பதாகும்.

போரும் ரவையும்

இட்டலியின் கதையில் பெங்களூருக்குத் தனி அதிகாரம் ஒன்று உண்டு. 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். தென்னாட்டிற்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது, எங்கும் தட்டுப்பாடு. அக்காலத்தில் அரிசிக்கு மாறாகக் கோதுமை ரவையைத் தயிருடன் கலந்து அவித்துப் பார்த்ததாகவும், அதுவே ரவா இட்டலி ஆயிற்று எனவும் 1924இல் தொடங்கப்பெற்ற மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார் தம் வரலாற்றில் கூறுவர். கீழைக் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த போர், லால்பாக் அருகே ஒரு புதிய சிற்றுண்டியாக விளைந்தது. நம் உணவும் அக்கரை நாடுகளும் ஆயிரம் ஆண்டுகளின் பின்னும் பிணைந்தே இருந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயின் ரவா இட்டலி புளித்து எழுவதன்று. தயிராலும் சோடா மாவாலும் உடனே உப்புவது. நெருக்கடியில் பிறந்த அவ்வுணவு சுவையானதே. அவசரம் என்றும் நம் வழக்கமாகி விடுவதே கவலைக்குரியது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரின் மார்கழிக் குளிரில் மாவு எளிதிற் பொங்காது. சமவெளியினின்று வந்த நம் மூதாட்டியர் பாத்திரத்தைக் கம்பளியாற் போர்த்து அடுப்பின் அருகே வைத்துக் காத்திருந்தனர். மாலையில் அரைத்தது மறுநாட் காலைக்கே ஆகும் என்னும் பொறுமை அவர்களிடம் இருந்தது. இன்று நாம் அக்காத்திருத்தலைத் துறந்து, ஒரு கரண்டி சோடா மாவினால் அதனை ஈடுசெய்ய முயல்கின்றோம். மாவு உப்புகின்றது; புளித்தலால் வரும் நலமோ வருவதில்லை. இட்டலியோடு எண்ணெயில் மிதந்த வடை இரண்டு இல்லாமல் எழுவதும் இல்லை. 'இட்டலி எமது' என்று வாதாடும் நாமே இட்டலியின் நெறியைக் கைவிட்டு வருகின்றோம் என்பதே இவ்வாராய்ச்சியின் முடிவில் நம் நெஞ்சை உறுத்துவது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இட்டலி ஒருவர்க்கே உரிய உடைமை அன்று என்பது தெளிவாகும். கன்னட ஏடும் கடல் வணிகமும் தமிழ் இல்லமும் அதற்கு உரிமை கொண்டாடலாம். அவ்வாறு சொல்வதனால் நம் பெருமை குன்றுமோ எனின், குன்றாது. பிறரிடம் பெற்றதை ஒப்புக்கொள்ளும் துணிவும், பெற்றதைத் திறம்படப் பேணும் ஆற்றலும் உடைய இனமே வாழும் இனம். 2009இல் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும் சென்னை அயனாவரத்தில் கன்னடப் பேரறிஞர் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பெற்றன. பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்த வள்ளுவர் சிலையின் திரையை விலக்கியது கொடுத்தும் கொண்டும் வாழும் மனப்பான்மை அன்றோ? அம்மனப்பான்மை உணவுத் தட்டிலும் வேண்டும்.

ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆண்டு விழா விருந்தில் இட்டலியின் பக்கத்தில் கேழ்வரகுக் கூழும் வல்லாரைத் துவையலும் இடம்பெறட்டும். அக்கம்பக்கத்துக் கன்னட அன்பர்களும் நம்மோடு பந்தியில் அமரட்டும். 'இட்டலிகெ' என்ற பெயரை முதலில் எழுதிவைத்தவர் உங்கள் முன்னோர் என்று நாமே அவர்களிடம் மகிழ்வோடு கூறுவோம். நம் பிள்ளைகளுக்கு உளுந்தை ஊறவைக்கவும், அளவறிந்து அரைக்கவும், ஓர் இரவு காத்திருக்கவும் கற்பிப்போம். யாருடையது என்னும் வழக்கு இவ்வாறு முடியின், அவ்வுணவை நமக்குத் தந்து மறைந்த மூதாட்டியரின் உள்ளம் குளிரும்.